முறைப்படி போன ஒரு வருஷம்

என் தம்பியை ஒரு காவல் நிலையத்தில் அடித்துவிட்டார்கள். யாருடையதோ காணாமல் போன பைக்கைப் பற்றி விசாரிக்கக் கூட்டிப் போய், ஆள் மாறிவிட்டது என்று மறுநாள் காலை அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவனுக்கு இடது காது கேட்பதில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வருவதில்லை. அந்த வருஷம் முழுக்கவே மரத்துப்போய்த்தான் இருந்தேன்.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே லீவு கேட்டாலும் சரி, குவார்ட்டர்ஸில் கூரை ஒழுகுகிறது என்றாலும் சரி, முதலில் சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டும். அவர் பதில் தந்த பிறகுதான் அவருக்கு மேலே இருப்பவர். நேராக மேலே போனால் மெமோ. 'த்ரூ ப்ராப்பர் சேனல்' என்று தலைப்பில் போடாமல் அப்பா ஒரு காகிதம் எழுதியதில்லை. என் கல்யாணப் பத்திரிகையை விட்டுவைத்ததே பெரிய விஷயம்.

"சண்டையெல்லாம் வேண்டாம். முறைப்படி போவோம். இவங்க கைவிரிச்சாத்தான் மேல போக முடியும்" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. வெளிநாடுகளில் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள், முதலில் சொந்த நாட்டில் இருக்கிற வழிகளையெல்லாம் முயன்று பார்த்திருக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அப்பா சொல்வதும் அதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மனு அந்தக் காவல் நிலையத்துக்கே. பதிலுக்காக மூன்று மாதம் காத்திருந்தோம். பிறகு உதவி ஆணையருக்கு. வராத பதிலுக்கு ஒரு நினைவூட்டல், அந்த நினைவூட்டலுக்கு இன்னொரு நினைவூட்டல். அப்புறம் அவருக்கும் மேலே. அப்பா சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். திருமுல்லைவாயிலில் பதிவுத் தபால் அனுப்புவோம். கையெழுத்தோடு ஒப்புகை அட்டை திரும்பி வந்தால் அன்றைக்கு அப்பா இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுவார். தம்பி பக்கத்து அறையில் மொபைலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். அவனைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று கதவைச் சாத்திவிட்டுத்தான் டைப் அடிக்க உட்காருவேன்.

பதினான்காவது மாதம் அம்பத்தூரில் ஒரு வக்கீலிடம் போனோம். தம்பியும் வந்தான். வக்கீல் ஃபைலைக் கடைசிவரை புரட்டினார்.

"மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள்ள போயிருக்கணும் சார். டைம் முடிஞ்சிருச்சு."

"இவங்க பதில் வரட்டும்னு இருந்தோம்" என்றார் அப்பா.

"கதவைத் தட்டணும்தான். ஒவ்வொண்ணும் திறக்கிற வரைக்கும் வாசல்லயே நிக்கணும்னு யார் சொன்னா?"

அப்பா ஃபைலிலிருந்து நழுவிய ஒப்புகை அட்டைகளை அடுக்கினார். எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும்; வரவில்லை. சும்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கோர்ட் இருக்கு, பாக்கலாம்" என்ற வக்கீல், நாற்காலியைத் தம்பியின் வலது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அன்னைக்கு என்ன நடந்துச்சு? நீ சொல்லு தம்பி."

தம்பி சொன்னான். அரை மணி நேரம் சொன்னான். எங்கள் மனுக்களில் 'தாக்கப்பட்டார்' என்று ஒரே ஒரு சொல்தான் இருந்தது. எத்தனை பேர், எதால் அடித்தார்கள், தண்ணீர் கேட்டபோது என்ன கிடைத்தது, நடுவில் யார் டீ குடிக்கப் போனார்கள் என்று அவன் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான். அப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வக்கீல் எழுதுவதை நிறுத்தினார். "இதுல ஒண்ணுகூட ஃபைல்ல இல்லையே. வீட்டுல சொல்லலையாப்பா நீ?"

"ஊட்ல யாரும் இன்னா ஆச்சுன்னு கேக்கவே இல்ல சார்" என்றான் தம்பி.