கயிற்றுக்குள் ஒரு விரல்

என் கணவருக்குச் சோதனை என்று ஒன்று வந்துவிட்டால் அதில் பாஸாகியே தீர வேண்டும். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. ஆடிட் வருகிறது என்றால் முந்தின நாளே தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடித்து, துருப்பிடித்ததையெல்லாம் ஷெட்டுக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். வந்தவர்கள் கிளம்பியதும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வார். நானும் சிரித்துக்கொண்டே கேட்பேன்.

பையனுக்குப் பதினோரு மாதமாகியும் உட்கார வரவில்லை. கழுத்தே தாமதமாகத்தான் நின்றது. பொன்னேரி டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"திருவள்ளூர் ஆஸ்பத்திரியில வளர்ச்சி பார்க்கறதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கும்மா, அங்க காட்டுங்க. வளர்ச்சி லேட்டுன்னு எழுதினா உடனே பயிற்சி ஆரம்பிச்சிடுவாங்க. சீக்கிரம் ஆரம்பிக்கிறது நல்லது. பரவாயில்லைன்னு எழுதிட்டா, அப்புறம் ஆறு மாசம் கழிச்சுதான் கூப்பிடுவாங்க."

எனக்கு அந்தப் பயிற்சி வேண்டும். அவருக்கு அந்தப் 'பரவாயில்லை' வேண்டும். ஒரே பையன், ஒரே வீடு, ஆளுக்கு ஒரு வேண்டுதல்.

பையன் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு கிடந்தது. அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பையனைத் தன் முன்னால் உட்கார வைத்து, சட்டைக்குள் கைவிட்டு, முதுகுப் பக்கம் அந்தக் கயிற்றில் விரலை மாட்டிப் பிடித்துக்கொள்வார். எதிரில் இருப்பவர்களுக்குப் பையன் ஜம்மென்று உட்கார்ந்திருப்பான். ஊருக்கு வீடியோ கால் போட்டால் அந்த விரலோடுதான். "கண்ணு பட்டுடப் போவுது, சுத்திப் போடு" என்றார் என் நாத்தனார். உட்காராத பிள்ளைக்கு, உட்கார்ந்ததற்காக மிளகாய் சுற்றிப் போட்டேன்.

"இன்னாத்துக்குங்க இந்த வேஷம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாளைக்குத் தானா உக்காரப் போறான். அதுக்குள்ள ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கணுமா?"

போகப் போகத் தன் விரலை அவரே மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பெரியபாளையத்தில் பஸ் மாறித் திருவள்ளூர் போனோம். பஸ்ஸிலும் பாடம் நடந்தது. கிலுகிலுப்பையை ஆட்டி ஆட்டி, "திரும்புடா, இங்க பாருடா" என்று அவர் சொல்ல, பையன் ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தான்.

சோதிக்கும் அறையில் தரை முழுக்க மெத்தை விரித்திருந்தது. பயிற்சி கொடுக்கும் பெண்தான் பார்த்தாள். சின்ன வயது. பையனைப் படுக்க வைத்து இரண்டு கையையும் பிடித்து மெல்லத் தூக்கினாள். சிவப்பு நூல் பந்தை ஆட்டினாள். கண்ணால் தொடர்ந்தான், கை நீட்டவில்லை. பிறகு கேட்டாள், "உட்கார்றானா?"

"நல்லாவே உக்காருவாம்மா" என்று அவர் முந்திக்கொண்டார். பையனைத் தூக்கி உட்கார வைத்தார். கை சட்டைக்குள் போனது. பையன் உட்கார்ந்தான்.

"பரவாயில்லையே!" என்று அந்தப் பெண் பேனாவை எடுத்தாள்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அந்த நேரத்தில் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை.

"ஏங்க, கயிற விடுங்க" என்றேன்.

காதில் விழாத மாதிரி இருந்தார்.

"விரல எடுங்கன்றேன். ஆடிட்டா இது?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். அவர் விரலை எடுத்தார். பையன் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு முதுகு வளைந்து முன்னால் மடிந்தான். அவர் கை பிடிக்கப் போனது.

"பிடிக்காதீங்க சார், மெத்தைதானே" என்றாள்.

பையன் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தான். அழவில்லை. மல்லாந்து, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். வீட்டில் அவன் விழுவதை நான் தினமும் பார்க்கிறேன். இவர் அன்றுதான் பார்த்தார்.

அந்தப் பெண் அடுத்த கேள்விக்குப் போனாள். "பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறானா?"

என்னைத்தான் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார், "இல்லம்மா. திரும்ப மாட்டான்."

அவள் எழுதினாள். அவர் கயிறு பதிந்திருந்த விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்:

"நான் கைய எடுத்துட்டா உழுந்துடுவாம்மா. அதையும் எழுதிக்கோ."