பதினெட்டுப் பலகைகளும் என் தீர்ப்பும்

இடிக்கிற வீட்டில் எது தேறும், எது தேறாது என்று சொல்வதுதான் என் பிழைப்பு. கழற்றி இறக்கிய காங்கிரீட் பலகை, தூண், ஜன்னல் ஜாலி எல்லாவற்றையும் பார்த்து, நல்லதற்குச் சாக்பீஸால் வட்டம் போடுவேன். மற்றதற்குப் பெருக்கல் குறி. வட்டம் வாங்கியது இன்னொரு வீட்டுக்குப் போகும். பெருக்கல் வாங்கியதை அங்கேயே உடைத்து ஜல்லியாக்கிவிடுவார்கள். இருபத்தாறு வருஷத்தில் போட்ட குறியை ஒருமுறைகூட அழித்ததில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்.

என் வித்தை ரொம்பச் சாதாரணம். சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். உள்ளே திடமாக இருந்தால் கணீரென்று கேட்கும். பொத்தலோ விரிசலோ இருந்தால் டொக்கென்று அடங்கிப்போகும். இவ்வளவுதான். இதை வெளியில் சொன்னால் நாளைக்கே ஆளாளுக்குச் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதனால் தட்டி முடித்ததும் பூதக்கண்ணாடியை எடுப்பேன். விரலால் தடவுவேன், முகர்ந்துகூடப் பார்ப்பேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிஷம் நிற்பேன். தட்டுவது வெறும் கைப்பழக்கம் என்றுதான் என் வீட்டுக்காரியே நினைத்திருந்தாள்.

அத்தான் போன பிறகு அக்கா தன் வீட்டை விற்றாள். வாங்கியவர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார். கூரையிலிருந்த பதினெட்டுப் பலகைகள் மட்டும் அக்காவுக்கு என்று பேச்சு. மகள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை போட்டுக்கொண்டு, தன் கதவைத் தானே சாத்தித் திறந்துகொண்டு இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. சுவர் வைத்துத் தர மருமகன் சம்மதித்துவிட்டார். கூரை போட அவருக்குப் பணத்தெம்பில்லை. பலகை தேறினால் அறை. தேறாவிட்டால் மகள் வீட்டுக் கூடத்தில் சோபா.

பதினெட்டையும் தட்டினேன். பதினெட்டும் டொக். எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒரு வருஷமாகவே எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான். அந்தக் காலத்து மேஸ்திரிகள் அத்தனை பேரும் திருட்டுப் பசங்கள் என்று முடிவுகட்டி, அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

“ஒண்ணுகூடவா தேறலே?” என்றாள் அக்கா.

“ஒண்ணுகூட இல்லக்கா. ராத்திரி தலையில விழுந்தா யாரு பதில் சொல்றது?”

“நீ பாத்தா சரியாத்தான் இருக்கும். சோபாவும் மெத்து மெத்துன்னுதான் இருக்கு” என்றாள். அவள் முதுகுவலிக்காரி. சோபாவில் கால்மணி நேரம் உட்கார்ந்தாலே எழுந்திருக்க ஆள் வேண்டும். அது தெரிந்தும், அரை நிமிஷம் கண்ணை மூடிவிட்டுப் பெருக்கல் போட்டேன்.

மறுநாள் அதே வீட்டு ஜன்னல் ஜாலிகளைப் பார்க்கப் போனேன். பலகை உடைக்கிறவர் உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஆறுதான் உடைத்திருந்தார்.

“சார், இதையா குப்பைன்னீங்க? சம்மட்டி எகிறுது. கை பொத்துப்போச்சு.”

“உடைக்கத் தெரியலேன்னா கல்லைக் குறை சொல்லாதே” என்றேன்.

அவர் என் சுத்தியலை வாங்கி, நான் தட்டுகிற மாதிரியே ஏழாவது பலகையைத் தட்டினார். “கணீர்னு கேக்குதே சார்.”

எனக்கு டொக்கென்றுதான் கேட்டது. அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவர்களுக்கும் கணீர்.

அப்படியே மணல்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன். வாசல் மணி சரியில்லை என்று இரண்டு தடவை மாற்றியவன் நான். டிவியைப் பழுதுபார்க்க வந்த ஆளிடம் சண்டை போட்டவன் நான். கெட்டுப்போனது மணியும் இல்லை, டிவியும் இல்லை, மேஸ்திரிகளும் இல்லை. இந்த ஒரு வருஷத்தில் எத்தனை நல்ல கூரைகளை ஜல்லியாக்கினேனோ.

உடைப்பதை நிறுத்தச் சொன்னேன். மிச்சம் பன்னிரண்டு. அன்றைக்கே மகள் வீட்டுப் பின்புறம் அக்காவை நிற்கவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என் காது, என் சுத்தியல், பூதக்கண்ணாடி நாடகம் உட்பட. பன்னிரண்டு பலகைக்கு எவ்வளவு அறை வரும் என்று தரையில் கோடு போட்டுக் காட்டினேன். கட்டில் போடலாம். அலமாரி வைக்க இடமில்லை.

அக்கா கோட்டுக்குள் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

“உனக்குக் காது மந்தம்னு எங்க எல்லாருக்கும் தெரியும்டா. சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னுதான் யாரும் வாயத் திறக்கல. நீ கல்லைக் காதாலதான் பாக்கறேன்னு யாரு கண்டா?”

எனக்கு அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சினேன், அந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

பன்னிரண்டு பலகைகளும் வந்து இறங்கிய அன்று, சுத்தியலை அக்கா வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றாகக் குனிந்து தட்டினாள். தட்டிவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் சாக்பீஸோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பெருக்கலை அழிச்சிட்டு வட்டம் போடு” என்றாள்.

போட்டேன்.