இடது காதில் ஒரு வெட்டு

எருமைகளைக் கொல்லும் தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பூசி செய்த அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் நான் உதவியாளன். நான்கு வருஷம் கிருமியை வளர்த்தோம், கொன்றோம், எண்ணெயில் கலந்தோம், தோற்றோம். கடைசியில் ஒரு மருந்து முயல்களைக் காப்பாற்றியது. அடுத்து எருமைகள். நான் மாத்தளைக்காரன் என்பதால் தலைமை டொக்டர் என்னையே அதே மாவட்டத்தில் நாவுலப் பக்கம் ஓர் ஊருக்கு அனுப்பினார்.

பாதி எருமைகளுக்கு மருந்து, மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். மருந்து போட்டதற்கு மட்டும் இடது காதின் ஓரத்தில் ஒரு வெட்டு. எதற்கு எது என்று ஊராரிடம் மூச்சு விடக்கூடாது. ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு, வெட்டில்லாதவற்றுக்கெல்லாம் மருந்து போடுவதாக ஏற்பாடு.

ஊரின் கடைசி வீட்டில் ஒரு விதவை. எங்களைப் போல முஸ்லிம் ஆட்கள்தான், அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டேன். அவளிடம் இருந்தது ஒரு சோடி எருமை. ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு உப்புத் தண்ணீர்.

“தம்பி, ரெண்டும் ஒரே கலப்பையில பூட்டுறது. ஒண்ணுக்குக் காதுல வெட்டினீங்க, இதுக்கு ஏன் வெட்டல்ல? இது ஆகாதுன்னு கழிச்சுட்டீங்களா?”

“அப்படியில்ல ராத்தா.”

“அப்ப வெட்டிட்டுப் போங்களேன்.”

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் முகத்தையும் பார்க்க முடியவில்லை. மருந்து போடாமல் காதை மட்டும் வெட்டிவிட்டேன். பெரிய தர்மவான் என்று நினைப்பு எனக்கு.

அந்த மழையில் நோய் வந்தது. வெட்டில்லாத எருமைகள் பல செத்தன, வெட்டுள்ளது ஒன்றும் சாகவில்லை. ராத்தாவின் சோடியும் தப்பிவிட்டது. நிலையத்தில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள், நானும் தின்றேன். வெட்டில்லாதவற்றுக்கு ஊசி போட நானே போவேன், அவளுடையதற்குக் கமுக்கமாகப் போட்டுவிடலாம் என்றிருந்தேன். வேறொருவரை அனுப்பினார்கள். ‘அந்தக் காது பொய்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான்கு வருஷ வேலையும் சந்தேகத்துக்குள்ளாகும், என் வேலையும் போகும். வாயை மூடிக்கொண்டேன். போனவர் காதைப் பார்த்துவிட்டு அவள் வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறார்.

அடுத்த மழையில் அந்தப் பொய் வெட்டு எருமை தொண்டை வீங்கி ஒரே நாளில் செத்தது. கேள்விப்பட்டதும் போனேன். ஏசுவாள், மண்ணள்ளித் தூற்றுவாள், வாங்கிக்கொள்வோம் என்று பஸ்ஸில் எண்ணிக்கொண்டே போனேன். அந்தப் பாக்கியமும் எனக்கு இல்லை. வயல் பாதி உழுதபடி கிடந்தது. மிஞ்சிய எருமையைக் கயிற்றோடு இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தினாள்.

“வெட்டு சின்னதாப் போச்சு போல தம்பி. அன்னைக்கு நான் அவசரப்படுத்திட்டேன், என்னிலதான் பிழை.” எருமையின் இடது காதைப் பிடித்து என் பக்கம் நீட்டினாள். “இதுக்காவது கொஞ்சம் ஆழமா வெட்டிட்டுப் போங்க.”