திங்கட்கிழமை முகூர்த்தம்

அந்தப் போன் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கண்ணாடி மேல் ஒட்டியிருந்த தாளைக்கூடப் பிரிக்காத புதுப் போன். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்வரிசைக் கடையில் அப்போது நான் போன் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். மண்டபத்தைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அக்கா. பதிவு, சாவி, தண்ணீர் லாரி, மாப்பிள்ளை வீட்டார் கோபம், எல்லாம் அவர் தலையில். "கல்யாண வூட்டுக்காரங்க கத்துனா காதுல வாங்கக் கூடாது தம்பி, எலையைப் போட்டா தானா அடங்கிடுவாங்க" என்பார். அவருடைய பழைய போன் செத்துப்போகவே, முதலாளி புதிதாக ஒன்று வாங்கித் தந்தார். பதிவுக்கென்று முதலாளியின் மருமகன் செய்த ஆப் அதிலும் ஏறியது.

பழைய போனில் அந்த ஆப் நாள், மாதம், வருஷம் என்று மூன்று சக்கரங்களை உருட்டச் சொல்லும். புதியதில் சுவரில் மாட்டும் மாதக் காலண்டர்போல் கட்டங்கள் வரும், தொட்டால் போதும். ஆனால் எந்த நாளைத் தொட்டாலும் அதற்கு முந்தின நாள்தான் பட்டியலில் விழுந்தது. வேறு தொழிலாக இருந்தால் அன்றைக்கே கூச்சல் கிளம்பியிருக்கும். கல்யாணத் தொழிலில் முகூர்த்தம் காலையில் என்றால் மண்டபம் முந்தின நாள் சாயங்காலமே கைமாறிவிடும். "சாவி குடுக்கிற நாளைக் காட்டுது, கெட்டிக்காரப் போனு" என்று அக்கா எடுத்துக்கொண்டார். யாருக்குத்தான் அப்படித் தோன்றாது?

கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் வந்து, மகள் கல்யாணத்துக்குத் திங்கட்கிழமை முகூர்த்தம் என்று சொல்லிப் பதிந்துவிட்டுப் போனார். பட்டியலில் ஞாயிறு என்று ஏறியது. ஞாயிறு சாயங்காலம் சாவி கொடுக்க வேண்டும் என்று அக்கா மனதில் வைத்துக்கொண்டார். முதலாளி தன் பழைய போனைத் திறந்து, திங்கள் காலியாக இருக்கிறதென்று தனக்கு வேண்டிய ஒரு வடக்கனந்தல் குடும்பத்துக்கு அதைப் பதிந்தார். அதைப் பார்த்த அக்கா, அவர்கள் திங்கள் சாயங்காலம்தான் வருவார்கள் என்று நினைத்தார்.

ஞாயிறு சாயங்காலம் இரண்டு கல்யாணமும் ஒரே வாசலில் வந்து இறங்கின. வடக்கனந்தல்காரர்கள் கொஞ்சம் முந்திக்கொண்டு மேடையைப் பிடித்துவிட்டார்கள். மினி லாரியில் வந்த மலைக் குடும்பம், அரிசி மூட்டையும் அண்டாவும் பட்டுப் புடவையில் வியர்த்து நிற்கும் பெண்ணுமாக ரோட்டோரத்தில் நின்றது. முதலாளி போனை நீட்டினார். "பாருய்யா, உனுக்கு ஞாயித்துக்கெழமை. காலையிலியே தாலி கட்டிகினு போயிருக்கணும். மலையில கெடக்கறவனுக்குத் தேதி இன்னா தெரியும், கெழமை இன்னா தெரியும்!" பெண்ணின் அப்பா திங்கட்கிழமை என்று அச்சடித்த பத்திரிகையைக் காட்டினார். "பத்திரிகையை எவன் வேணா அடிப்பான். போன் பொய் சொல்லுமா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. பெற்ற மகளின் கல்யாண நாள் ஒரு மனுஷனுக்குத் தெரியாமல் போகுமா?

அக்கா கடையிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு வந்தார். அவர் போனில் ஒரு புதன்கிழமையைத் தொட்டேன், செவ்வாய் ஏறியது. என்னிடமிருந்த பழைய போனில் அதே ஆப்பை ஏற்றி உருட்டினேன், புதன் புதனாகவே நின்றது. புதுக் காலண்டர் நாளை உலகப் பொது நேரப்படி கொடுக்கிறது. ஆப் அதை நம் நேரம் என்று நினைத்து, பொது நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்கிறது. நள்ளிரவில் கழித்தால் முந்தின நாள்தானே வரும்? முதலாளிக்கும் செய்து காட்டினேன். மருமகனுக்குப் போன் போட்டோம். "ஒரு நாள்தானே மாறுது, அடுத்த அப்டேட்ல பாத்துக்கலாம்" என்றான். ஒரு நாள்தானாம்! பிறகு அவன் செய்த திருத்தம் அதைவிட அழகு. எல்லாப் போனுக்கும் ஒரு நாளைக் கூட்டிவிட்டான். பழைய போனில் பதிந்த கல்யாணமெல்லாம் ஒரு நாள் தள்ளிப்போயிற்று.

அந்த ஞாயிறு சாயங்காலம், மருமகனிடம் பேசி முடித்ததும் முதலாளி அக்காவிடம் குரலைத் தாழ்த்தினார். "கீழ சாப்பாட்டு ஹால்ல கட்டிக்கச் சொல்லு. தப்பு நம்மளுதுன்னு மட்டும் வாயத் தெறக்காத." பெண்ணின் அப்பா அசையவில்லை. "ஹாலு கெடக்கட்டும்ங்க. சம்பந்தி வூட்டு ஜனம் மொத்தமும் பாத்துகினு நிக்கிது. தேதி தெரியாதவன்னு சொன்னீங்களே, அந்த வார்த்தைய மொதல்ல எடுங்க." முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா மேடையேறி மைக்கைக் கையில் எடுத்தார். "மலையிலருந்து வந்துகிற கல்யாண வூட்டுக்காரங்க சரியான நாளுக்குத்தான் வந்துகிறாங்க. திங்கக்கெழமை முகூர்த்தம்னு எங்கிட்டதான் சொன்னாங்க. தப்பு மண்டபத்துது." தெருமுனை வரைக்கும் கேட்டது. மேளக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். பெண்ணின் அப்பா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "இப்ப எங்க வேணா கட்டலாம். அண்டாவ எறக்குங்கடா" என்றார். மறுநாள் காலையில் மேலே ஒரு தாலி, கீழே ஒரு தாலி.

அன்று மத்தியானமே முதலாளி அக்காவை வேலையிலிருந்து அனுப்பினார். என்ன தப்பு செய்தார் என்று கேட்டேன். "வாடகைக்கு வந்தவங்க மைக்க யாரைக் கேட்டு தொட்டா?" என்றார். நான் கடையைக் காலி செய்தேன். அக்கா இப்போது சின்னசேலத்தில் வேறு மண்டபம் பார்க்கிறார். கீழே தாலி கட்டிய பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் போகிற மகன் இருக்கிறான். அவளுடைய அப்பாவிடம் முதலாளி அந்த வார்த்தையை இன்று வரை திரும்ப எடுக்கவில்லை.