படத்தில் இருந்த குதிகால்

ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் வேலை. சர்க்கரை நோய் வந்த பிறகு கால்தோல் காய்ந்து, குதிகால் பாளம் பாளமாக வெடித்தது. வலியே தெரியவில்லை. வீட்டுத் தரையில் ரத்தக்கறையைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

நர்ஸ் ஒரு கிரீமைக் கொடுத்து அழுத்திச் சொன்னாள்: "காலைக் கழுவி ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு, பாதத்துல தினமும் தடவுங்க. விரலிடுக்குல மட்டும் வேண்டாம், ஊறிப் புண்ணாயிடும்."

அக்கா தனிக்கட்டை, குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பக்கத்துத் தெருவில் இருந்த தங்கைதான் சாயங்காலங்களில் வந்து, அவள் காலை மடியில் வைத்துத் தடவிவிட்டாள். அவ்வப்போது போனில் படமும் எடுத்தாள்.

"எவ்வளவு ஆறியிருக்குன்னு நீயே பாருக்கா."

"எனக்கே இத்தனை போட்டோ எடுத்ததில்ல. என் காலுக்கு வந்த யோகத்தைப் பாரேன்!"

வெடிப்புகள் மூடிக்கொண்டன. கூடப் பிறந்தவள் இருக்க எனக்கென்ன குறை என்று அக்காவுக்கு உச்சி குளிர்ந்து போனது.

ஒரு மதியம், கூட வேலை செய்கிற துணி மடிக்கிறவள் நொண்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் சர்க்கரை.

"ஆஸ்பத்திரி கிரீமை நிறுத்திட்டேங்க்கா. இப்ப போடறது மூலிகை கிரீமாம், விரலிடுக்கெல்லாம் அப்பச் சொன்னாங்க. இந்தப் படத்தை நம்பித்தான் வாங்கினேன்" என்று போனை நீட்டினாள்.

ஒரு பக்கம் வெடித்த குதிகால், மறுபக்கம் வழவழவென்று ஆறிய குதிகால். கணுக்காலில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவள் கால். கீழே, தான் விற்கும் மூலிகை கிரீம் டப்பாவைக் கையில் பிடித்துத் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் வேலையாக மடிக்கிறவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். விரலிடுக்கு வெளுத்து ஊறிப் பிளந்திருந்தது. நர்ஸ் கட்டுப் போட்டு, நாலு வார்த்தை திட்டியும் அனுப்பினாள்.

சாயங்காலம் தங்கை வந்தாள்.

"என் காலை ஆத்தினது எந்த கிரீம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்கென்ன? உன் மூஞ்சியையா போட்டேன்? காலைத்தானே!"

"அவளுக்குக் காலே போயிருந்தா?"

"போகலையே! ஊர்ல எவளும் பண்ணாததையா பண்ணிட்டேன்?"

அக்கா காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். என் காலை மடியில் வைத்துத் தடவியதெல்லாம் இந்தப் படத்துக்குத்தானா?

"கிளம்பு" என்றாள்.

மறுநாள் சலவைக்கூடத்தில் செருப்பைக் கழற்றி, முக்காலிமேல் காலை வைத்து எல்லாருக்கும் காட்டினாள். "படத்துல இருக்கறது இந்தக் கால்தான். ஆத்தினது ஆஸ்பத்திரி கிரீம். அந்த டப்பாவை வாங்கினவங்க தூக்கிப் போடுங்க." பேச்சு தெருவெல்லாம் பரவியதும் தங்கை அந்தப் படத்தை நீக்கிவிட்டாள். மன்னிப்பு கேட்கவில்லை.

மடிக்கிறவளின் புண் மெல்ல மெல்ல ஆறியது. அக்கா இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தொடைமேல் ஏற்றிப் போட்டு, மூச்சு வாங்கத் தானே தடவிக்கொள்கிறாள்.

"ஏங்க்கா இவ்வளவு கஷ்டப்படறீங்க? தங்கச்சிதானே, கூப்பிட்டுக்கங்க" என்றாள் மடிக்கிறவள்.

"அந்தக் கை பட்டா எனக்கு இனிமே கூசும்டி" என்றாள் அக்கா.