தையல் இல்லாத ஆபரேஷன்

என் மாமியாருக்குத் தையல் வேண்டும். தையல் போடாத ஆபரேஷனை அவர் ஆபரேஷனாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்.

என் முதல் கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்தது. நர்சிங் ஹோமில் சுரண்டிச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எனக்கு மாதவிலக்கே வரவில்லை. மறுபடி உண்டாகிவிட்டேன் என்று மாமியாரே முடிவுகட்டி, தங்கச் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனில் எங்கள் லைன் வீடுகள் முழுக்க லட்டு கொடுத்தார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றதும் லட்டு கொடுத்த அவமானமும் என் தலையில்தான் விடிந்தது.

பெங்களூரு டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். சுரண்டிய இடம் புண்ணாகி, ஆறும்போது கர்ப்பப்பையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வயிற்றைக் கிழிக்க வேண்டாம். கீழ்வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு, பொடிக் கத்தரியால் ஒட்டியதை வெட்டிவிடலாம். திரும்ப ஒட்டாமலிருக்க உள்ளே ஒரு சின்ன பலூன் சில நாள் இருக்கும். பிறகு மாத்திரை. அது முடிந்து உதிரம் வந்தால் நம்பிக்கை உண்டு என்றார்.

ரயிலில் திரும்பும்போது என் கணவர் சொன்னார். "வந்துடுச்சுன்னா எங்கம்மா வாய நான் மூடுறேன். வரலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, பாத்துக்க."

அம்மா வாயில் இருந்தது என்ன என்று லைனுக்கே தெரியும். பூதிகோட்டையில் இருக்கிற மாமியாருடைய அண்ணன் மகள். அவளை இவருக்கு இரண்டாவதாகக் கட்டிவைக்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமியார் என் புடவையை விலக்கி வயிற்றைப் பார்த்தார்.

"எங்கடி தையலு? ஒரு கீறல் கூட காணோம். இன்னா ஆபரேஷன் இது? என் புள்ளைய ஏமாத்திக்கினு கீறியா?"

"உள்ளதான் வெட்டுனாங்க அத்தை."

மறுநாள் தண்ணி லாரி வந்தது. வயிற்றுக்குள் பலூனோடு குடம் குடமாகத் தூக்கினேன். கணவர் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு குடத்தை அவர் தலையில் போட்டிருக்கலாம் என்று இப்போதும் தோன்றும்.

பலூனை எடுத்தார்கள். மாத்திரையும் முடிந்தது. குளியலறைக்குப் போகும்போதெல்லாம் உள்பாவாடையைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வந்தது. கொஞ்சம்தான், ஆனாலும் வந்தது. நின்ற இடத்திலேயே அழுதேன். அவ்வளவு சந்தோஷம். ஓடிப்போய்க் கணவரிடம் சொன்னேன். பக்கத்தில் மாமியார் பூ கட்டிக்கொண்டிருந்தார்.

"வந்துடுச்சா? நல்லதா போச்சு. தீட்டோட உள்ள நிக்காத. பின்னால துணி தோய்க்கிற கல்லாண்ட போய் உக்காரு. எங்கண்ணன் வராரு."

நான் கணவரைப் பார்த்தேன்.

"கொஞ்ச நேரம்தான், போ," என்றார்.

அவர் பேசுவார் என்று நம்பித்தான் போனேன். அவர் கேட்டது வந்துவிட்டதே, இனி என்ன? மைன்ஸ் காலத்து லைன் வீட்டுச் சுவர் எதையும் மறைக்காது. காபி டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மாமியாரின் குரல்.

"எல்லாம் ஒட்டிப்போச்சுண்ணா. பெங்களூர்லயும் கைய விரிச்சுட்டாங்க. ஒரு சொட்டு வர்றதில்ல."

"நெசமா மாப்ளே?" என்று மாமியாரின் அண்ணன் கேட்டார்.

பின்னால் கல்லில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டியிருந்த துணி நனைந்துகொண்டிருந்தது.

"ஆமா மாமா," என்றார் என் கணவர். "வர்றதேயில்ல."