ஸ்டுடியோ சேலைக்காரி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய் உலையைப் பார்க்கிற ஆள் நான். இதைச் சொன்னால், பொறாமைக்காரி கண்ணுக்கு அப்படித்தான் தெரியும் என்பீர்கள். என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். சொல்லிக்கொள்ளுங்கள், நடந்தது நடந்ததுதான்.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் கல்யாணமாகி, கப்பலேறி அந்தமானுக்கு, போர்ட் பிளேர் வந்திருந்தேன். அங்கே அவருக்கு ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ. ஹட் பே, கேம்பல் பே என்று தெற்கே உள்ள தீவுகளில் குடியேறப் போகிறவர்கள் கப்பலுக்குக் காத்துக் கிடக்கும்போது, மெயின்லேண்டில், சொந்த ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்ப ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். கசங்கிய துணியோடு படம் போனால் ஊரில் அழுவார்களே என்று, ஆணுக்கு ஒரு கோட்டும் பெண்ணுக்கு ஒரு பட்டுச் சேலையும் ஸ்டுடியோவிலேயே தொங்கும். வருகிற பெண்கள் எல்லாம் அந்த ஒரே சேலையைச் சுற்றிக்கொண்டுதான் நிற்பார்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு பிரதியை அவர் எடுத்து வைத்துக்கொள்வார்.

அந்த வருஷ மழையில் கூரை ஒழுகி, படங்கள் எல்லாம் கலந்து போயின. காயவைத்து என் முன்னால் குவித்தார்.

“இங்க பக்கத்துல சௌல்தாரி ஊரு ஆளுங்க ஒரு டப்பா, ஹட் பே வாலா ஒரு டப்பா, கேம்பல் பே ஒரு டப்பா. பின்னால பேரு இருக்கு, பிரிச்சுப் போடு, டீக் ஹை, சரியா?” என்றார்.

மத்தியானச் சோறு முடிந்து உட்கார்ந்தேன், நம்பினால் நம்புங்கள், சேலை கட்டிய படத்தில் எல்லாம் ஒரே பெண். நீளக் கழுத்து, மேலே ஏறிய ஒரு பல், ஒரு சிரிப்பு. அது கேமராவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை, கேமராவுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்துச் சிரித்தது. பின்னால் புரட்டினால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயர். கள்ளத்தனத்தை மறைக்கப் பெயர் மாற்றி எழுதியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. டப்பாவாவது ஒன்றாவது, அவள் படங்களை எல்லாம் தனியாகப் பொறுக்கி அவர் மடியில் கொட்டினேன்.

“யாருங்க இவ?”

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். “இது சர்தார்ஜி சம்சாரம். இது சௌல்தாரி வாத்தியார் வீட்டம்மா. ஏளா, சேலைதான் ஒண்ணு, மூஞ்சி வேறல்லா? பொறாமையில கண்ணு மறைக்கி ஒனக்கு.”

விடவில்லை நான். பக்கத்து வீட்டு பெங்காலிப் பெண் ஷெஃபாலியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அதில் ஒன்றை உருவி, “அரே தீதி, யே தோ மே ஹூ” என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள், இது நான்தானே என்று. அவள் உருண்டை முகத்துக்கும் படத்தில் நின்ற நீளக் கழுத்துக்காரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

“அப்ப என்னையும் எடுங்க, அதே சேலையில” என்றேன். கல்யாணமாகி அதுவரை அவர் என்னை ஒரு படம் எடுத்ததில்லை, அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. எடுத்தார். நான் சிரிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், அது நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் கழுவிக் கொண்டுவந்தார். படத்தில் என் இடத்தில் அந்த நீளக் கழுத்துக்காரி நின்றாள். என் வீட்டுக்காரரைப் பார்த்து அதே சிரிப்பு.

“இப்படி ஒருநாளும் நீ என்னப் பாத்துச் சிரிச்சதில்லளா” என்று சொல்லி, சட்டம் போட்டு சுவரில் மாட்டிவிட்டார்.

மாட்டியது மாட்டியதுதான். வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது அதைப் பார்ப்பார், என்னோடு சண்டை போட்டால் அதன் எதிரே போய் உட்கார்ந்துகொள்வார். பிறந்த மகளும் அம்மா போட்டோ என்றே சொல்லி வளர்ந்தாள். கண்ணாடியில் என் முகம் எனக்குத் தெரியாதா? ஒரு படத்தின் மேல் வருஷக்கணக்காகப் பொறாமைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வயசாகி அவர் படுக்கையில் விழுந்த பிறகு நான் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஒருநாள் காலையில் கண் விழித்து என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் கையை நீட்டி, “அவளக் கொஞ்சம் வரச் சொல்லு” என்றார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

“அம்மா, ஒன்னத்தான் கூப்பிடுதாரு” என்றாள் மகள். அவருடைய இன்னொரு கை என் கைக்குள்தான் இருந்தது.